கையறிவும் ஏட்டறிவும்

நேயர்களே, இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பால்மரம் வெட்டிப் பழகியவர்கள் இருப்பீர்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் தாயோ, தந்தையோ, பாட்டியோ வெட்டிப் பழகியிருப்பார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உளியை எவ்வளவு ஆழம் விட வேண்டும்?

ஏட்டில் இதற்கு விடை உண்டு. பால் ஓடும் குழாய்கள் பட்டையில் இருக்கின்றன. அதிலும் உட்பட்டையில்தான் மிகுதியாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே, பட்டைக்கும் கட்டைக்கும் இடையில், புதுப்பட்டையை வளர்க்கின்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. உளி அந்தப் படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்துவிடும். அந்த இடத்தில் பின்னால் சீராக வெட்ட முடியாது. பயந்து மேலாகச் சீவினாலோ மங்கில் பால் விழாது. ஆகவே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டுக என்று ஏடு சொல்லும். விடிவதற்கு முன், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், அந்த 1 மில்லிமீட்டரை யார் அளந்து பார்ப்பது? உங்கள் பாட்டியைக் கேட்டால், "அது கைக்குத் தெரியும்" என்றுதான் சொல்வார்.

கைக்குத் தெரிந்ததை வாய் எப்படிச் சொல்வது? அதை ஏட்டில் எழுத முடியுமா? எழுதிவிட்டால் அது யாருடைய உடைமை? கடந்த நூறு ஆண்டுகளுக்கு மேலாக எஃகு ஆலைகளும், கார்த் தொழிற்சாலைகளும், கடைசியில் கணினிக்குக் கட்டளை எழுதுகின்ற மென்பொருள் கூடங்களும் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கணினி நிறுவனங்களில் வேலை செய்கின்ற நம் பிள்ளைகள் "ஸ்கிரம்" என்றும் "அஜைல்" என்றும் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொற்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், ஓசாகா நகரில் ரொட்டி மாவு பிசைந்த ஒருவரின் கைகளுக்கு அருகில் போய் நிற்போம். அந்த வரலாற்றைத்தான் இன்று காணப்போகிறோம்.

முதலில் அமெரிக்காவுக்குப் போவோம். பிரடெரிக் டெய்லர் என்பவர் பிலடெல்பியாவில் தொழில் பழகுநராகச் சேர்ந்து, பட்டறையில் வேலை செய்து, பிறகு பொறியாளரானவர். தொழிலாளிக்குத் தெரிந்தது முதலாளிக்குத் தெரியவில்லை என்பதைப் பட்டறையிலேயே நேரில் கண்டவர். ஒரு வேலை உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கும், எப்படிச் செய்தால் எளிது என்பதெல்லாம் தொழிலாளியின் கையில் இருந்தன. அவன் அதை வெளியே சொல்லாமல் காத்துக்கொண்டான். சொன்னால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். டெய்லர் இதற்குக் கண்ட வழி, நேரங்காட்டும் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அசைவையும் அளப்பது. தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவை நிர்வாகம் திரட்டி விதிகளாக எழுதிக்கொள்வது. இனிமேல் யோசிப்பது அலுவலகத்தின் வேலை, செய்வது தொழிலாளியின் வேலை என்று பிரித்துவிடுவது. இதை 1911இல் நூலாகவும் வெளியிட்டார். பெத்லகேம் எஃகு ஆலையில் நாளொன்றுக்கு 12½ டன் இரும்புக்கட்டி சுமந்தவன் தம் முறையால் 47 டன் சுமந்தான் என்று அவர் எழுதினார். அவனுக்குக் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி இரண்டு மடங்கு கூட இல்லை என்பதை நேயர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். அவர் சொன்ன கதையில் மிகைகள் பல உண்டென்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆயினும் யோசிப்பவன் ஒருவன், செய்பவன் ஒருவன் என்ற பிரிவினை உலகம் முழுவதும் பரவிவிட்டது.

கணினிகள் வந்தபோது இந்தப் பிரிவினையும் கூடவே வந்தது. மென்பொருள் என்பது கணினி எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கின்ற கட்டளைத் தொகுதி. 1960களில் அந்தத் தொகுதிகள் பெரிதாகப் பெரிதாக, சொன்ன நாளில் முடியாமலும், சொன்ன செலவில் அடங்காமலும், முடிந்த பின்னும் ஓடாமலும் போயின. 1968 அக்டோபரில் ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் நிபுணர்கள் கூடி இதைப் பற்றிப் பேசினார்கள். அதன் பிறகு பலரும் பிடித்துக்கொண்ட வழி "அருவி முறை" எனப்படுகிறது. தேவைகளையெல்லாம் முதலில் எழுதி முடிப்பது, பிறகு திட்டம் வரைவது, பிறகு கட்டளை எழுதுவது, கடைசியில் சோதிப்பது. அருவி கீழே விழுமே தவிர மேலே ஏறாது. அதுபோல ஒரு படியைக் கடந்தால் மீண்டும் போவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த முறைக்கு மூலம் என்று காட்டப்படுவது வின்ஸ்டன் ராய்ஸ் என்பவர் 1970இல் எழுதிய கட்டுரை. அவர் அந்தப் படிகளைப் படமாக வரைந்துவிட்டு, இப்படியே செய்தால் ஆபத்து, தோல்விதான் வரும் என்று அதிலேயே எச்சரித்திருந்தார். அருவி என்ற சொல்லும் அவர் கட்டுரையில் இல்லை. படத்தைப் பார்த்தவர்கள் எச்சரிக்கையைப் படிக்கவில்லை போலும்! 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விதிமுறையிலும் இந்தப் படிவரிசையே இடம்பெற்றது.

இதற்கிடையே வேறொருவர் வேறொரு திசையிலிருந்து வந்தார். அவர் பெயர் மைக்கேல் பொலானி. ஹங்கேரியில் பிறந்து, வேதியியல் அறிஞராகப் புகழ்பெற்று, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் இருந்தபோது தத்துவத்தின் பக்கம் திரும்பியவர். நமக்குத் தெரிந்த ஒருவரின் முகத்தை ஆயிரம் முகங்களுக்கு நடுவிலும் அடையாளம் கண்டுகொள்கிறோம். ஆனால் எதை வைத்துக் கண்டோம் என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. மனிதன் சொல்லக்கூடியதைவிட அவனுக்குத் தெரிந்தது அதிகம் என்பது அவர் கருத்து. 1966இல் இதை ஒரு சிறு நூலாக எழுதினார். பாட்டி சொன்ன "கைக்குத் தெரியும்" என்பதும் இதுதான். தத்துவப் பேராசிரியர் சொன்னதால் பல்கலைக்கழகங்கள் காது கொடுத்தன.

அந்தக் கருத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனவர் ஜப்பானியரான இக்குஜிரோ நோனாக்கா. 1935இல் தோக்கியோவில் பிறந்த அவர், மின்கருவி நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். ஜப்பானியப் பொருள்கள் உலகச் சந்தையை வென்றுகொண்டிருந்த காலம் அது. அவரும் ஹிரோத்தாக்கா தக்கேயுச்சி என்பவரும் புதுப்பொருள்கள் எப்படிப் பிறக்கின்றன என்று நிறுவனம் நிறுவனமாகப் போய்ப் பார்த்தார்கள்.

ஃபூஜி ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகலெடுக்கும் இயந்திரம் செய்தவர்கள் ஒரு பிரிவு முடித்ததை அடுத்த பிரிவிடம் தூக்கிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். திட்டம் வரைபவரும் செய்பவரும் விற்பவரும் ஒருவர் வேலையின் மேல் ஒருவர் வேலை படியும்படி ஒன்றாக நடந்தார்கள். 38 மாதம் பிடித்த வேலை 29 மாதத்தில் முடிந்தது. ஹோண்டா நிறுவனம் 1981இல் "சிட்டி" என்ற சிறிய காரை வெளியிட்டது. அதைச் செய்த குழுவின் சராசரி வயது 27தான். மேலிடம் அந்த இளைஞர்களுக்கு விரிவான திட்டம் எதையும் தரவில்லை. இதுவரை இல்லாத மாதிரியான கார் வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும், ஆனால் மட்டமாக இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அவர்கள் குட்டையாகவும் உயரமாகவும் ஒரு வண்டியைச் செய்து நிறுத்தினார்கள்.

இவற்றையெல்லாம் பார்த்த இருவரும் 1986இல் ஓர் ஆங்கில ஏட்டில் கட்டுரை எழுதினார்கள். பழைய முறை அஞ்சல் ஓட்டம் போன்றது, கோலை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டால் என் பொறுப்புத் தீர்ந்தது என்றிருப்பது. புதிய முறை ரக்பி ஆட்டம் போன்றது, பந்தை முன்னும் பின்னும் கொடுத்து வாங்கிக்கொண்டு குழு முழுவதும் சேர்ந்தே முன்னேறுவது என்றார்கள். ரக்பியில் ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் கோத்துக் குனிந்து நிற்கும் கட்டத்துக்கு ஸ்கிரம் என்று பெயர். அந்தச் சொல் இந்தக் கட்டுரையில்தான் வேலைத்தலத்துக்குள் நுழைந்தது.

அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. புகழ்பவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. ஆகவே நாம் சொல்லிவிடுவோம். இம்முறை உழைப்பவர்களிடம் அளவுக்கு மீறி வாங்குகிறது என்று அவர்களே எழுதினார்கள். வேலை உச்சத்தில் இருக்கும்போது மாதத்துக்கு 100 மணி நேரமும், மற்ற நேரங்களில் 60 மணி நேரமும் மிகைநேர வேலை செய்தவர்கள் உண்டு. ஓவர்டைம் என்றால் என்னவென்று நம் குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இனி ரொட்டிக் கதைக்கு வருவோம். 1985இல் ஓசாகாவில் மட்சுஷித்தா மின்கருவி நிறுவனத்தார் வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்றைச் செய்ய முயன்றார்கள். மாவு, தண்ணீர், ஈஸ்ட் ஆகியவற்றை உள்ளே போட்டுவிட்டால் அது தானே பிசைந்து சுட்டுத் தர வேண்டும். ஆனால் மேல்தோல் கருகியது. உள்ளே மாவு வேகவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூட ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பயன் இல்லை.

அந்தக் குழுவில் இக்குகோ தனாக்கா என்ற பெண் இருந்தார். அவர் வேலை மென்பொருள் எழுதுவது. ஓசாகாவிலேயே சிறந்த ரொட்டி ஓசாகா இன்டர்நேஷனல் ஓட்டலில் கிடைக்கும் என்று பேர். அவர் அங்கே போய், தலைமை ரொட்டிக்காரரிடம் வேலை பழகச் சேர்ந்தார். குறிப்பேட்டை நீட்டி, ஐயா, உங்கள் இரகசியத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் அவருக்கு எதுவும் கிடைத்திருக்காது. அந்த மனிதருக்கே அதைச் சொல்லத் தெரிந்திருக்காது. பக்கத்தில் நின்று, பார்த்து, தானும் பிசைந்து, கெடுத்து, மீண்டும் பிசைந்தார். ஒருநாள் அவர் கண்ணில் பட்டது. அந்தக் கைகள் மாவை இழுப்பதோடு நிற்கவில்லை, இழுக்கும்போதே முறுக்கின.

"முறுக்கி இழுத்தல்". இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அவர் தொழிற்சாலைக்குத் திரும்பினார். இயந்திரம் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பொறியாளர்களோடு சேர்ந்து மீண்டும் மீண்டும் முயன்றார். கடைசியில் பாத்திரத்தின் உட்சுவரில் விலா எலும்பு போன்ற வரம்புகளை வைத்தார்கள். சுற்றும்போது மாவு அந்த வரம்புகளில் பிடித்துக்கொண்டு முறுக்கி இழுபட்டது. 1987இல் கடைக்கு வந்த அந்த இயந்திரம் முதல் ஆண்டிலேயே விற்பனையில் சாதனை படைத்தது.

நோனாக்கா இந்தக் கதையை 1991இல் ஒரு கட்டுரையிலும், 1995இல் தக்கேயுச்சியோடு சேர்ந்து எழுதிய நூலிலும் சொன்னார். அறிவு நிர்வாகம் என்று இன்று படிப்பிக்கப்படும் துறைக்கு அந்த நூல் ஓர் ஆணிவேர். அறிவு கையிலிருந்து கைக்குப் போகிறது, தனாக்கா ரொட்டிக்காரரிடம் நின்றதுபோல. பிறகு கையிலிருந்து சொல்லுக்கு வருகிறது, அந்த "முறுக்கி இழுத்தல்" போல. சொல் மற்றச் சொற்களோடும் கணக்குகளோடும் சேர்ந்து ஒரு பொருளாகிறது. அந்தப் பொருளைச் செய்து பழகியவர்களின் கையில் மீண்டும் அறிவாக இறங்குகிறது. இறங்கிய இடத்திலிருந்து மறுபடியும் புறப்படுகிறது. டெய்லரும் அறிவைக் கையிலிருந்து ஏட்டுக்கு ஏற்றினார்தான். ஆனால் ஏறியது அலுவலகத்திலேயே தங்கிவிட்டது; கைக்குத் திரும்பியது உத்தரவு மட்டுமே.

இனிக் கணினிக்காரர்களிடம் போவோம். ஜெப் சதர்லாந்து என்ற அமெரிக்கர் வியட்னாம் போரில் விமானம் ஓட்டியவர்; பிறகு கணினித் துறைக்கு வந்தவர். 1993இல் ஈசல் என்ற நிறுவனத்தில் வேலை செய்தபோது அந்த 1986ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தார். கார் செய்தவர்களின் முறையில் மென்பொருள் எழுதிப் பார்த்தால் என்ன என்று எண்ணினார். குழுவுக்கு ஸ்கிரம் என்றே பெயர் வைத்தார். 1995இல் அவரும் கென் ஷ்வேபர் என்பவரும் அதை மற்ற நிபுணர்கள் முன் எடுத்து வைத்தார்கள்.

அதில் நாள்தோறும் நடக்கும் ஒரு கூட்டம் உண்டு. காலையில் குழுவினர் கூடி 15 நிமிடம் நின்றுகொண்டே பேசுவார்கள். நின்றுகொண்டே பேசுவது என்றவுடன் உங்களுக்குப் பெரட்டு நினைவுக்கு வந்திருக்கும். நமக்கும் வந்தது. ஆனால் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட, மண்டோர் நிரையைச் சொல்ல, வாளியைத் தூக்கிக்கொண்டு போனோம். நேற்று வெட்டிய மரத்தில் பட்டை காய்ந்து கிடந்ததே என்று சொல்ல அங்கே இடமில்லை. சொன்னால் கேட்க ஆளில்லை. இந்தக் கூட்டத்தில் பேசுபவர்கள் வேலை செய்பவர்களே. நேற்று என்ன முடித்தேன், இன்று எதைச் செய்யப் போகிறேன், எனக்குத் தடையாக இருப்பது எது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். குழுவுக்குத் துணையாக ஒருவர் இருப்பார். வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது அவர் வேலையன்று. தடையை நீக்குவதே அவர் வேலை. ஒரு மாதத்துக்கு மேற்படாத தவணைகளில் ஓடக்கூடிய ஒரு பகுதியைச் செய்து காட்டி, பயன்படுத்தப் போகிறவர் சொல்வதைக் கேட்டு, அடுத்த தவணைக்குத் திட்டத்தைத் திருத்திக்கொள்வார்கள்.

வேறொரு பக்கத்திலிருந்து கென்ட் பெக் என்பவர் வந்தார். 1996 முதல் கிரைஸ்லர் கார் நிறுவனத்தில் சம்பளக் கணக்குக்கான மென்பொருளைத் தம் குழுவோடு எழுதியபோது சில பழக்கங்களைக் கொண்டுவந்தார். ஒரு கணினியின் முன் இருவர் உட்கார வேண்டும். ஒருவர் எழுத, மற்றவர் பார்த்துக்கொண்டே யோசிக்க வேண்டும். சிறிது நேரம் கழித்து இடம் மாறிக்கொள்ள வேண்டும். பழகிய கையின் பக்கத்தில் பழகாத கை. இதற்கு ஒரு மேலாளர் இரட்டைச் சம்பளம் என்றுதான் கணக்குப் போடுவார். ஆனால் ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் அவருக்குத் தெரிந்தது கூடத்திலேயே தங்கும். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பதும் அவர் விதிகளில் ஒன்று. ஜப்பானிய 100 மணி நேரத்துக்குப் பிறகு இதைக் கேட்க நமக்கு ஆறுதலாக இருக்கிறது. அந்தச் சம்பள மென்பொருள் ஏறத்தாழ 10,000 பேருக்குச் சம்பளம் கணக்கிட்டது. எஞ்சியவர்களை எட்டுவதற்கு முன் 2000இல் நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. பழக்கங்கள் நிலைத்துவிட்டன.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில், இப்படித் தனித்தனி வழிகளில் வந்த 17 பேர் கூடினார்கள். ஒரு சிறு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அஜைல் என்ற பெயர் அங்கேதான் சூட்டப்பட்டது. சூழ்நிலைக்கு ஏற்பச் சுறுசுறுப்பாக வளைந்து கொடுப்பது என்று பொருள். விதிமுறைகளைவிட மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவது மேல், கட்டுக்கட்டான ஆவணங்களைவிட ஓடுகின்ற மென்பொருள் மேல் என்ற வகையில் அறிக்கை சென்றது. செய்தியைச் சொல்ல நேருக்கு நேர் பேசுவதே சிறந்த வழி என்பதும் அவர்கள் வகுத்த கோட்பாடுகளில் ஒன்று.

நேருக்கு நேர் பேசுவது என்னும்போது இன்னொரு செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களோடு ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் ஊர் ஊராகச் சுற்றினார். நிறுவனம் அவர்களுக்குக் கையேடு கொடுத்திருந்தது. கையேட்டில் இல்லாத கோளாறு வந்தால் என்ன செய்தார்கள்? காலைச் சாப்பாட்டு மேசையிலும் மதியச் சாப்பாட்டு மேசையிலும் கதை பேசினார்கள். அந்த ஆபீஸ் இயந்திரம் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே என்று ஒருவர் தொடங்க, மற்றவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்ல, அங்கேதான் மருந்து பிறந்தது. வெட்டிப்பேச்சு என்று மேலாளர்கள் நினைத்ததுதான் உண்மையில் பள்ளிக்கூடம் என்று அவர் 1996இல் நூலாக எழுதினார்.

பிறகு அந்த நிறுவனம் "யுரேகா" என்ற பெயரில் ஓர் ஏற்பாடு செய்தது. முதலில் பிரான்சில் தொடங்கியது. தொழிலாளி தான் கண்டுபிடித்த வழியை எழுதி அனுப்புவார். சக தொழிலாளர்கள் சோதித்து ஏற்றுக்கொண்டால் அது எல்லாருக்கும் கணினி வழியே போய்ச் சேரும். இதற்குப் பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது தொழிலாளர்களே வேண்டாம் என்றார்கள். எழுதியவரின் பெயர் குறிப்போடு கூடவே போனது; அவர்களுக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

இன்று ஸ்கிரமுக்குக் கையேடு வந்துவிட்டது. பயிற்சி வகுப்பு, கட்டணம், சான்றிதழ் எல்லாம் வந்துவிட்டன. 15 நிமிடக் கூட்டத்தை மேலாளர் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டாக மாற்றிக்கொண்ட இடங்களும் உண்டு. ரொட்டிக் கதையையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. 2007இல் ரிபெய்ரோ, காலின்ஸ் என்ற இருவர் அதை ஆராய்ந்து, ரொட்டிக்காரரின் அறிவு முழுவதும் இயந்திரத்துக்குள் போய்விடவில்லை என்று எழுதினார்கள். மாவையும் தண்ணீரையும் சொன்ன அளவில் நிறுத்துப் போட வீட்டில் ஒரு மனிதர் வேண்டும். அன்றைய மாவின் பதத்தையும் அறையின் வெப்பத்தையும் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் கை இயந்திரத்துக்கு இல்லை. நமக்கு அவர்கள் சொல்வது சரியென்றே படுகிறது.

நோனாக்கா 2025 ஜனவரியில், தமது 89ஆம் வயதில் காலமானார். உலகின் பல மொழிகளில் மாணவர்கள் அவருடைய ரொட்டி இயந்திரக் கதையைப் படிக்கிறார்கள். 1991இல் வந்த அந்தக் கட்டுரையை நாமும் எடுத்துப் பார்த்தோம். நிறுவனத்தின் பெயரும் ஓட்டலின் பெயரும் இக்குகோ தனாக்காவின் பெயரும் அதில் இருக்கின்றன. மாவை முறுக்கி இழுத்த மனிதரைத் தலைமை ரொட்டிக்காரர் என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள்.